சிம்கோ ஏரியில் மஞ்சள் பெர்ச்: புதிதாக வந்தவர்களுக்கு

ரொறன்ரோப் பக்கம் புதிதாகக் குடிவந்து, தூண்டில் போட எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது சிம்கோ ஏரியையும் அங்குள்ள மஞ்சள் பெர்ச் மீனையும்தான். ஸ்காபரோவிலிருந்தோ மார்க்கத்திலிருந்தோ வடக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரம் காரில் சென்றால், 700 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்துள்ள அந்த ஏரியை அடையலாம். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பெர்ச் கரையை ஒட்டி வருவதால், ஒரில்லியா, பீவர்ட்டன் போன்ற ஊர்களில் படகில்லாமலே பிடிக்க முடியும்.

தூண்டில் வாங்குவதற்கு முன்பே அனுமதிப்பத்திரத்தைக் கவனியுங்கள். விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதங்களில் தொடர்ந்து 6 மாதமாவது ஒன்ராறியோவில் வசித்திருந்தால்தான் மாகாணவாசிக்கான குறைந்த கட்டணம் உங்களுக்குப் பொருந்தும். நேற்று வந்திறங்கியவர் வெளிநாட்டவருக்கான பத்திரத்தையே வாங்க வேண்டும். 65 வயதைத் தாண்டிய கனடாவாசிகளுக்குப் பத்திரம் தேவையில்லை என்ற சலுகையை, ஊரிலிருந்து பார்க்க வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் உண்டென்று நினைத்துக்கொண்டு அவர்கள் கையில் தூண்டிலைக் கொடுத்துவிடாதீர்கள். சிம்கோ அடங்கிய 16ஆம் மீன்பிடி மண்டலத்தில் ஒரு நாளைக்கு முழு அளவுப் பத்திரத்துக்கு (Sport) 50 பெர்ச்சும், குறைவான மீன்களையே வைத்திருக்க விடும் மலிவான பத்திரத்துக்கு (Conservation) 25 பெர்ச்சும் வைத்திருக்கலாம். வீட்டுக் குளிர்பெட்டியில் ஏற்கெனவே இருப்பதும் அந்தக் கணக்கில் சேரும். விதிகள் மாறக்கூடியவை என்பதால் மாகாண அரசு ஆண்டுதோறும் வெளியிடும் விதித்தொகுப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

பெர்ச் கூட்டமாகத் திரியும் மீன். அதுவும் ஏறக்குறைய ஒரே அளவுள்ளவை ஒன்றாகத் திரியும். சிறியவையே தொடர்ந்து அகப்பட்டால் அங்கேயே காத்திருப்பதில் பயனில்லை, இடத்தை மாற்றுவதே நல்லது. கண்ணால் பார்த்து இரை தேடும் மீனாகையால் பகலில்தான் கடிக்கும். பொழுது சாய்ந்தால் கடியும் நின்றுவிடும். 6 அல்லது 8ஆம் எண் முள், அதற்கு ஒரு சாண் மேலே சிறிய ஈயக்குண்டு, முள்ளில் மண்புழுத் துண்டு, இவ்வளவு போதும். குண்டு அடியைத் தொட்டதும் நூலை இலேசாகச் சுற்றி, இரை தரைக்கு ஓரடி உயரத்துக்குள் நிற்கும்படி வைத்திருங்கள், ஏனெனில் பெர்ச் பெரும்பாலும் அடியை ஒட்டியே மேய்கிறது. அதன் கடி இழுப்பாக வராது. தூண்டிலின் நுனி இரண்டு மூன்று முறை மெல்லத் துடிக்கும், அந்தக் கணத்தில் மணிக்கட்டை மட்டும் சற்று உயர்த்தினால் போதும். வெடுக்கென்று இழுத்தால் மெல்லிய வாயிலிருந்து முள் கழன்றுவிடும். பிடித்த மீனைத் தலையிலிருந்து வாலை நோக்கித் தடவி முதுகுச் செட்டையைப் படிய வைத்துப் பிடியுங்கள், அதன் முட்கள் விரலை நன்றாகவே குத்தும். செவுள் மூடியின் ஓரமும் கூர்மையானது.

பெரிய கண்ணும், முன் முதுகுச் செட்டையில் ஒரு கறுப்புப் புள்ளியும் கொண்டு, விரல் நீளத்தில் உருண்டையாக ஒரு சிறு மீன் அகப்பட்டால் அது வெளியிலிருந்து வந்து பரவிய கோபியாக இருக்கலாம். அதை உயிரோடு வைத்திருப்பதும் இரையாக மாட்டுவதும் சட்டவிரோதம். கொன்றுவிட வேண்டும், ஏரியில் திரும்ப விடக்கூடாது.

குளிர்காலத்தில் உறைந்த ஏரியின்மேல் நின்று பிடிப்பதற்கு, முதல் முறையாவது அனுபவமுள்ளவரோடு மட்டுமே செல்லுங்கள். தெளிந்த உறைபனி 10 சென்ரிமீற்றர் தடித்திருந்தால்தான் நடக்கலாம். வெள்ளையாகத் தெரியும் உறைபனியின் பலம் அதில் பாதி என்பதால் இரு மடங்கு தடிப்பு வேண்டும். தெற்கிலுள்ள குக்ஸ் குடா ஆழம் குறைந்தது, முதலில் உறையும். மேற்கிலுள்ள கெம்பென்ஃபெல்ட் குடா ஆழமானது, பிந்தித்தான் உறையும். ஒன்றில் ஆட்கள் நிற்பதைப் பார்த்து மற்றொன்றில் இறங்க வேண்டாம்.

மீனைக் கரையிலேயே துண்டாக்கினால், எந்த மீன், எத்தனை என்று அதிகாரி பார்த்தறியும்படி தோலை விட்டுவைத்துப் பொதி செய்ய வேண்டும். முழுதாக வீட்டுக்குக் கொண்டுவருவது இன்னும் எளிது. சதை வெள்ளையாக, இறுக்கமாக இருக்கும். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்புப் பிரட்டிப் பொரிப்பதற்கு மிகவும் ஏற்றது. குழம்பில் அதிக நேரம் கொதிக்கவிட்டால் மட்டும் உதிர்ந்துவிடும்.