ஊசி 2 டெசிபல்தான் காட்டுகிறது, ஆனால் மிருதங்கம் செத்துக் கிடக்கிறது

தாளக்காரன்: மிருதங்க டிராக்கில் 1176 பிளகின் (உரத்த ஒலியை அமுக்கும் கம்ப்ரசர்) போட்டேன். ரேஷியோ (அமுக்கும் விகிதம்) 4:1, அட்டாக் (அமுக்கும் வேகம்), ரிலீஸ் (விடும் வேகம்) இரண்டும் 7-இல். கெய்ன் ரிடக்‌ஷன் (ஒலி குறைப்பு) ஊசி 2 டெசிபலைத் தாண்டவில்லை. ஆனால் வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) விழும் ‘நம்’ என்ற சொல் (அடி) மழுங்கிவிட்டது. தப்பு கம்ப்ரசரிலா, மைக்கிலா?

பழைய கன்சோல்: மைக்கைப் பாருங்கள் தம்பி. 2 டெசிபல் எல்லாம் ஒரு குறைப்பா? இருபது வருஷமாக ஊசியைப் பார்த்துத்தான் செட் பண்ணுகிறேன். 3-ஐத் தாண்டாதவரை ஒன்றும் கெடாது.

ராத்திரி மிக்ஸ்: அண்ணே, இதை ஒத்துக்கொள்ள முடியாது. அது வி.யூ. மீட்டர், ஒலியின் சராசரி அளவைக் காட்டுவது. சீராக நிற்கும் ஒலி கொடுத்தாலே ஊசி இடத்துக்குப் போய்ச் சேர 300 மில்லிசெகண்ட் ஆகும். 1176-இல் 7 என்றால் மெதுவு என்று பலர் நினைக்கிறார்கள், நேர் தலைகீழ்: அட்டாக் 20 மைக்ரோசெகண்ட், ரிலீஸ் 50 மில்லிசெகண்ட். கம்ப்ரசர் அடியை அமுக்கி விட்டும் விடுகிறது, ஊசி அப்போதுதான் கிளம்புகிறது.

பழைய கன்சோல்: அப்போ மீட்டர் அலங்காரத்துக்கா? எல்.ஏ.-2ஏ கம்ப்ரசரில் பாட்டு எடுக்கும்போது ஊசி என்னை ஏமாற்றியதே இல்லை.

ராத்திரி மிக்ஸ்: ஏமாற்றாது. அது ஆப்டிகல் (ஒளியை வைத்து அமுக்குவது), நிதானமான ஆள். பாதி விடவே சுமார் 60 மில்லிசெகண்ட், மீதியை விட சில செகண்டுகூட ஆகும். ஊசி கூடவே நடந்துவிடும். தாளக்காரரே, கம்ப்ரசர் போட்டும் போடாமலும் பௌன்ஸ் (ஆடியோ கோப்பு) எடுங்கள். மெல்லிய சொற்களின் அளவைச் சமமாக்கிவிட்டு, ‘நம்’மின் உச்சியை மட்டும் ஒப்பிடுங்கள்.

தாளக்காரன்: பார்த்தேன். 9 டெசிபல் குறைந்திருக்கிறது! அட்டாக்கை 1-க்கு இறக்கினால் கொஞ்சம் உயிர் வந்தது, ஆனால் அங்கேயும் 800 மைக்ரோசெகண்ட்தானே. வேறு கம்ப்ரசரில் 20 மில்லிசெகண்ட் வைத்த பிறகுதான் ‘நம்’ திரும்பியது.

பழைய கன்சோல்: சரி, அடி வாத்தியத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மீட்டரை மூடிவைக்கச் சொல்லாதீர்கள். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில்கூட ஊசி 0-க்குத் திரும்பாமல் தொங்கினால், கம்ப்ரசர் இன்னும் விடவில்லை என்று அர்த்தம். அதைக் காதால் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆகும்.

ராத்திரி மிக்ஸ்: மூடச் சொன்னது யார்? அந்த 3 டெசிபல் கணக்கைத்தான் விடச் சொல்கிறேன்.