‘வேரியன்ட்’ – திரிபா, பிறழ்வா?

அனைவருக்கும் வணக்கம். பாக்டீரியாவின் என்டிஎம் நொதியில் சற்றே மாறிய வடிவத்தை ஆங்கிலத்தில் ‘வேரியன்ட்’ (variant) என்கிறார்கள்; அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சில் வந்த கேள்வி இது:

> ‘என்டிஎம்-4 வேரியன்ட்’ என்பதை ‘பிறழ்வு நொதி’ எனலாமே?

இதை என்னால் ஏற்க முடியவில்லை. பிறழ்வு என்றாலே ஏதோ கெட்டுப்போனது என்ற எண்ணம் வந்துவிடுகிறது, ஆனால் இந்த நொதியில் எதுவும் கெடவில்லை.

என்டிஎம் என்பது நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை உடைத்துப் பாக்டீரியாவைக் காப்பாற்றும் நொதி. அதன் முதல் வடிவமான என்டிஎம்-1, 270 அமினோ அமிலங்கள் (புரதத்தின் கட்டுமான அலகுகள்) கொண்ட புரதம். அதன் செயல்மையத்தில், அதாவது வேலை நடக்கும் இடத்தில், இரண்டு துத்தநாக அயனிகள், நடுவில் ஒரு ஹைட்ராக்சைடு. அந்த ஹைட்ராக்சைடுதான் பெனிசிலின், கார்பாபெனம் போன்ற மருந்துகளுக்கு உயிர்நாடியான பீட்டா-லாக்டம் வளையத்தைத் தாக்கி உடைக்கிறது. என்டிஎம்-4இல் வேறுபாடு ஒரே ஓர் இடத்தில்தான்: 154ஆம் இடத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் லியூசின். அந்த இடம் துத்தநாகத்தை நேரடியாகப் பிடிப்பதுகூட இல்லை, பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் துத்தநாகம் இன்னும் இறுக்கமாகப் பிடிபடுகிறது. நோய்த்தொற்று வந்தால் நம் உடல் கால்புரோடெக்டின் என்ற புரதத்தை வைத்துத் துத்தநாகத்தைப் பதுக்கிவிடும், துத்தநாகம் கிடைக்காத என்டிஎம்-1 பாக்டீரியாவுக்குள்ளேயே சிதைந்துபோகும், என்டிஎம்-4 அந்தப் பஞ்சத்தை அதைவிட நன்றாகத் தாங்குகிறது. இதைப் போய்ப் பிறழ்வு என்பதா? ‘உருமாறிய நொதி’யும் சரிப்படாது, புரதம் மடிந்திருக்கும் மொத்த வடிவம் அப்படியே இருக்கிறதே.

என் பரிந்துரை ‘திரிபு’. புணர்ச்சி இலக்கணத்தில் நாம் பள்ளியிலேயே படித்தது: பூங்கொடியில் ஓர் எழுத்து தோன்றியது, மரவேரில் ஒன்று கெட்டது, பொன்னும் குடமும் சேர்ந்தபோது ‘ன்’ இருந்த இடத்தில் ‘ற்’ வந்து பொற்குடம் ஆனது. மெத்தியோனின் இடத்தில் லியூசின் வந்ததும் அதே திரிதல்தான். அமினோ அமிலம் கூடினால் தோன்றல், குறைந்தால் கெடுதல் என்று மற்ற இரண்டுக்கும் சொல் தயாராகவே இருக்கிறது. மூன்றுக்கும் பொதுப்பெயர் விகாரம். இலங்கைப் பாடநூல்களில் மியூட்டேஷனுக்கு (மரபணுவில் ஏற்படும் மாற்றத்துக்கு) விகாரம் என்றே எழுதுகிறார்கள், தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு அருவருப்பான பொருள் ஏறிவிட்டதால் நாம் தயங்குகிறோம். ஆகவே மரபணுவில் நடப்பது விகாரம், அதனால் கிடைக்கும் புரதம் திரிபு என்று பிரித்துக்கொள்ளலாம். என்டிஎம்-5இல் 88ஆம் இடத்து வேலினும் லியூசினாகியிருக்கிறது, அதை ‘இருதிரிபு நொதி’ எனலாம்.

அப்புறம், என்டிஎம் போல உலோக அயனியை வைத்து வேலைசெய்யும் நொதியை ‘உலோக நொதி’ என்றால் உலோகத்தால் செய்தது போல ஒலிக்கிறது. ‘உலோகச்சார்பு நொதி’ என்றால் துத்தநாகத்தை உருவிவிட்டால் வேலை நின்றுவிடும் என்பது பெயரிலேயே வந்துவிடும்.

இது ஆய்வகத்துக்குள் மட்டும் புழங்கப்போகும் சொல் இல்லை. 2010இல் வந்த ஆய்வில் சென்னையிலிருந்து மட்டும் 44 பாக்டீரியா மாதிரிகளில் என்டிஎம்-1 இருந்தது. மருந்து ஏன் கேட்கவில்லை என்று நோயாளியின் வீட்டார் கேட்டால் மருத்துவர் தமிழில்தான் சொல்லியாக வேண்டும்.

‘திரிபு’ என்றால் பொய்யாகத் திரித்துச் சொல்வது என்ற பொருளும் வருமே என்று யாராவது கேட்கலாம். ‘154-திரிபு’ என்று எண்ணோடு சேர்த்து எழுதினால் குழப்பம் வராது என்பது என் எண்ணம். இலங்கை நண்பர்கள் ‘விகாரி’ (விகாரம் அடைந்தது, mutant) என்ற சொல்லைப் புரதத்துக்கும் சொல்வீர்களா, உயிரிக்கு மட்டும்தானா?