ஆட்டுப்பட்டி, மாட்டு வேலியில் ஆள் மட்டும் போய்வர வழி வைப்பது எப்படி?

கேள்வி (திருப்போரூர்)
வணக்கம். 2 ஏக்கர் நிலம். ஒரு பாதியில் 4 கறவை மாடு, அங்கே கல்தூணில் 5 வரி முள்கம்பி. மறு பாதியில் 40 ஆடு, 5 அடி செயின்லிங்க் வலை. பின்பக்கம் சோலார் மின்வேலி ஒற்றை வரி. இருப்பது ஒரே ஒரு 12 அடி வண்டி கேட். புல்லுக்கட்டு, பால் கேன் தூக்கி வருபவர்கள் அதைத் திறந்துபோட்டுவிட்டுப் போகிறார்கள், இல்லையென்றால் முள்கம்பியை மிதித்துத் தாண்டுகிறார்கள். கம்பி தொய்ந்துவிட்டது. பக்கத்து நிலத்தில் நெல். எந்த இடத்துக்கு என்ன மாதிரி வழி வைக்கலாம்?

பதில்
மாட்டுப் பக்கம் சுலபம் சார். கேட்டே வேண்டாம், கடவு போதும். இரண்டு கல்தூணை நட்டு, தரையிலிருந்து முழங்கால் வரை இடைவெளி 9–10 அங்குலம், இடுப்பு உயரத்தில் 14 அங்குலம் வருமாறு லேசாகச் சாய்த்துவிடுங்கள். ஆள் கால் மாற்றி வைத்து நுழைந்துவிடுவார், மாட்டின் வயிறு நுழையாது. தூண் 2.5 அடி ஆழத்தில் காங்கிரீட்டோடு நிற்க வேண்டும். மாடு தேய்த்துக்கொள்ள இதைத்தான் தேடி வரும், வெறும் மண்ணில் நட்டால் ஐப்பசி மழையில் ஆடிவிடும்.

இளங்கன்று இருந்தால் கடவு வேண்டாம், அது புகுந்துவிடும். அப்போது நம் பூங்கா வாசல்களில் இருக்கிற வளைந்து போகும் குழாய்த் தடுப்பைப் போடுங்கள். நடைபாதை அகலம் 2 அடி, இரண்டு திருப்பம். மாட்டின் நீண்ட உடல் அந்தத் திருப்பத்தில் வளையாது. கன்று வளைந்துவிடும் என்பதால் கடைசியில் ஒரு சின்னக் கேட் மட்டும் சேருங்கள்.

பதில் (வெல்டிங் பட்டறை)
ஆட்டுப் பட்டிக்குச் சந்து என்ற பேச்சே வேண்டாம். ஆடு போகிற சந்தில் தெருநாய் வரும். சென்னையைச் சுற்றி ஆடு வளர்ப்பவர்களுக்கு நெல்லைவிட அதுதான் பெரிய பயம்.

இரட்டைக் கேட் போடுங்கள். வலையால் மூடிய 6 அடி நீள, 4 அடி அகலக் கூண்டு, இரு முனையிலும் 3 அடி கேட். ஒன்றை மூடிய பிறகே மற்றதைத் திறப்பது. உள்கேட் ஆட்டுப் பக்கமாகத் திறக்கட்டும். ஆடு முட்டினால் கேட் சட்டத்தோடு இன்னும் இறுகும். வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்தால் கொண்டி ஒருநாள் நழுவினாலும் பட்டி காலி.

கேட் தானாக மூட ஸ்பிரிங் வாங்காதீர்கள், கடற்காற்றில் துருப்பிடித்துவிடும். மேல் கீலைக் கீழ்க் கீலைவிட 1 அங்குலம் கொண்டிப் பக்கமாகத் தள்ளி வெல்டிங் செய்யுங்கள். கேட் தன் எடையிலேயே திரும்பி வரும். சட்டத்துக்கு ஒன்றரை அங்குல ஜிஐ பைப். வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோயிருக்கும், துரு அங்கேதான் தொடங்கும். அந்த இடத்தில் கட்டாயம் துத்தநாக பெயின்ட். கொண்டி வெளிப்பக்கம் இருக்கட்டும். மேலே தூக்குகிற கொண்டியை ஆடு மூக்காலேயே தூக்கிவிடும், பக்கவாட்டில் தள்ளுகிற தாழ்ப்பாள் நல்லது. கேட்டுக்கு 2 அங்குல வலை போதும். 6 அங்குலக் கட்டம் என்றால் கொம்புள்ள ஆடு தலையை விட்டு மாட்டிக்கொள்ளும். கேட்டுக்கு அடியில் காங்கிரீட் பட்டை போட்டால் மழையில் மண் அரித்து இடைவெளி பெருகாது.

கேள்வி கேட்டவர்
நன்றி சார். வலைமேல் இருபக்கமும் படி வைத்து ஏறி இறங்கினால் செலவு குறையுமே?

பதில்
ஆட்டுப் பக்கம் படி வைத்தால் முதலில் ஏறுவது ஆடுதான். மாட்டுப் பக்கம் வைக்கலாம், ஆனால் பால் கேனோடும் சேலையோடும் ஏற முடியாது. வெறுங்கையோடு போகிற ஒரு மூலைக்கு மட்டும் வையுங்கள். படி உயரம் 1 அடிக்கு மேல் வேண்டாம், கைப்பிடிக் கம்பம் கட்டாயம். சவுக்குக் கம்பில் செய்தால் மண்ணில் புதையும் பாகத்துக்குத் தார் பூசுங்கள், இல்லாவிட்டால் கரையான்.

இன்னொன்று. கேட்டைத் திறந்துபோடுவதற்குக் காரணம் கை நிறையச் சுமை இருப்பதுதான். வெளிக்கேட் ஓரம் ஒரு சுமைதாங்கி கட்டுங்கள்: இரண்டு கல், மேலே ஒரு பலகைக்கல், உயரம் நாலரை அடி. தலைச்சுமையை அடுத்தவர் உதவியில்லாமல் இறக்கி ஏற்றலாம். பட்டிக்குள் கட்டிவிடாதீர்கள், ஆடு அதில் ஏறி வேலியைத் தாண்டும்.

பதில்
மின்வேலியில் வழி வைக்க, பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட ஸ்பிரிங் கொக்கி வாங்குங்கள். மின்சாரம் வருகிற கம்பி, கைப்பிடி மாட்டுகிற முனையில் இருக்கட்டும். கழற்றினால் கையில் இருக்கிற கம்பி செத்துவிடும். எதிர்முனையில் இணைத்தால் தரையில் விழுந்த கம்பியிலும் மின்துடிப்பு இருக்கும். வழிக்கு அப்பால் உள்ள வேலிக்கு மின்சாரம் கொண்டுபோக 1 அடி ஆழத்தில் கேபிள். வீட்டு ஒயர் வேண்டாம், அது 1100 வோல்ட்டுக்கானது. வேலித் துடிப்பு பல ஆயிரம் வோல்ட், ஈர மண்ணில் கசிந்துவிடும். மின்வேலிக்கான கேபிளை ஹெச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) குழாய்க்குள் விட்டு, குழாயின் இரு வாயையும் கீழ்நோக்கி வளைத்துவிடுங்கள், தண்ணீர் இறங்காது.