தடுப்பூசி நினைவூட்டல் வாட்ஸ்அப்பில் பாதிப் பேருக்குப் போய்ச் சேரவே இல்லை. உதவி வேண்டும்

உடுமலை_கிளினிக்:
வணக்கம். உடுமலையில் ஒரு கால்நடை மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். நாய், பூனைதான் அதிகம். சுத்துப்பட்டு ஊர்களிலிருந்து ஆடு மாடும் வரும்.

பதிவு நோட்டில் இருக்கிற எண்களை எல்லாம் வாட்ஸ்அப் பிசினஸில் ஏற்றி, பிராட்காஸ்ட் லிஸ்ட் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பட்டியல்) போட்டு, ரேபிஸ் (வெறிநோய்) தடுப்பூசி நினைவூட்டல் அனுப்புகிறோம். மெசேஜ் இன்ஃபோவில் பார்த்தால் பாதிப் பேர் பெயர் டெலிவர்ட் பக்கமே வரவில்லை. போன வாரம் ஒரு அம்மா லாப்ரடாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பூஸ்டர் தேதி தாண்டி ரொம்ப நாளாகிவிட்டது. "எனக்கு மெசேஜே வரலையேப்பா" என்று போனையே எடுத்துக் காட்டினார். உண்மைதான், வரவே இல்லை. நெட் பிரச்சினையா, எண்ணை முடக்கிவிட்டார்களா?

இன்னும் இரண்டு விஷயம். இன்ஸ்டாகிராமில் நாய்க்குட்டி குளிக்கிற ரீலுக்கு லைக் குவிகிறது, ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாம் வெளியூர். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் புண், வாந்தி படங்களை அனுப்பி மருந்து கேட்கிறார்கள். டாக்டர் தூங்க வேண்டாமா?

கடைவீதி_செல்:
எண் முடங்கவில்லைங்க. பிராட்காஸ்ட் லிஸ்டில் அனுப்புவது, உங்கள் எண்ணைத் தன் போனில் சேவ் செய்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போகும். நீங்கள் அவர்களைச் சேவ் செய்தது பத்தாது. அந்த அம்மா கிளினிக் எண்ணைச் சேவ் செய்திருக்க மாட்டார். ஸ்டேட்டஸும் இப்படித்தான், இரண்டு பக்கமும் சேவ் ஆகியிருக்க வேண்டும். ஒரு லிஸ்டுக்கு 256 பேர்தான் என்பதையும் மனதில் வையுங்கள்.

"எண்ணைச் சேவ் பண்ணிக்கோங்க" என்று வாயால் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள். டோக்கன் போடும் மேஜையில் வாட்ஸ்அப் க்யூஆர் ஒட்டுங்கள். அதை ஸ்கேன் செய்து, தங்கள் பிராணியின் பெயரை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். "டாமி, லாப்ரடார்" என்று வந்தால் போதும். எப்படியும் காத்திருக்கிறார்கள், அந்த நேரத்திலேயே எண்ணையும் சேவ் செய்ய வைத்துவிடலாம்.

பிறகு அந்த சாட்டுக்கு லேபிள் போடுங்கள். வாட்ஸ்அப் பிசினஸில் 20 லேபிள் வரை போடலாம். தடுப்பூசி மாதத்துக்கு ஒன்று என்று 12 போனாலும் மீதி எட்டு இருக்கிறது. மாசம் பிறந்ததும் அந்த மாத லேபிளைத் திறந்து, "டாமிக்கு இந்த மாசம் ரேபிஸ் ஊசி போடணும், எந்த நாள் வர்றீங்க?" என்று தனித்தனியாகக் கேளுங்கள். நீட்டி எழுத வேண்டாம், குவிக் ரிப்ளையில் வாக்கியத்தை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றுங்கள். "அன்பார்ந்த வாடிக்கையாளரே" என்பதற்கு யாரும் பதில் போட மாட்டார்கள். டாமி பெயரைப் பார்த்தால் கட்டாயம் போடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. சொல்லாமல் கொள்ளாமல் ஒரே செய்தியைப் பழைய எண்களுக்கெல்லாம் தள்ளாதீர்கள். நாலு பேர் ரிப்போர்ட் அடித்தால் அப்போது உண்மையிலேயே எண் முடங்கும்.

நாமக்கல்_வெட்:
நான் கால்நடை மருத்துவர். ராத்திரி படங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதுதான் எனக்குக் கவலை.

படத்தைப் பார்த்து மருந்து சொல்லும் பழக்கத்தை ஆரம்பிக்கவே வேண்டாம். வரவேற்பில் இருப்பவர் நல்ல எண்ணத்தில்கூட ஒரு மாத்திரைப் பெயர் சொல்லிவிடக் கூடாது. காய்ச்சல் என்று வீட்டில் இருக்கிற பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுத்துவிட்டு, ஈறும் நாக்கும் பழுப்பேறி, மூச்சு வாங்கும் நிலையில் தூக்கி வருகிறார்கள். பூனைக்கு அது விஷம். ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.

அவே மெசேஜில் (நீங்கள் இல்லாத நேரத்தில் வாட்ஸ்அப் பிசினஸ் தானாக அனுப்பும் பதில்) இப்படிப் போடுங்கள்: "இரவில் இந்த எண்ணில் செய்தி பார்க்க மாட்டோம். மூச்சுத்திணறல், வலிப்பு, நிற்காத ரத்தம், ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வராமல் இருப்பது, மாட்டுக்கு இடப்பக்க வயிறு உப்பிப் போவது: இவற்றில் எது இருந்தாலும் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம், உடனே போனில் கூப்பிடுங்கள்." டாக்டரால் எடுக்க முடியாத இரவுகளில் எங்கே போக வேண்டும் என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். ஆடு மாட்டுக்கு அரசு ஆம்புலன்ஸ் எண் 1962-ஐயும் சேருங்கள்.

ரீல் போடுங்கள், தப்பில்லை. ஆனால் "எங்களிடம் வாருங்கள், குறைந்த கட்டணம்" என்கிற தொனி வேண்டாம். விளம்பரம் செய்து ஆள் பிடிப்பதை நம் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் 1992 நடத்தை விதிகள் ஏற்பதில்லை. நாய் கடித்தால் புண்ணைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஊசிக்குப் போக வேண்டும் என்று டாக்டர் செய்து காட்டட்டும். செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினத்துக்கு அதைவிட நல்ல ரீல் கிடையாது. தீபாவளிக்குப் பத்து நாள் முன்னாடி, வெடிச் சத்தத்துக்கு நாயை எந்த அறையில் வைக்கலாம் என்று ஒன்று. பார்ப்பவர் எந்த ஊராக இருந்தாலும் பரவாயில்லை, அந்தச் செய்தி போய்ச் சேரட்டும்.

பிராணியின் படம் போடும் முன் உரிமையாளரிடம் கேளுங்கள். படத்தில், மேஜையில் கிடக்கும் சீட்டில் அவர் போன் எண் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

தாராபுரம்_ஆட்டுப்பட்டி:
நாங்க ஆடு வளர்க்கிறவங்க. ரீல் எல்லாம் எங்களுக்கு எதுக்குங்க? டாக்டர் குரல்ல ஒரு நிமிஷ ஆடியோ அனுப்பச் சொல்லுங்க. "மழைக்கு முன்னாடி துள்ளுமாரி ஊசி போட்டுருங்க, குடற்புழு மருந்து குடுத்துருங்க"ன்னு அவர் சொன்னா, ஆடு ஓட்டிக்கிட்டே கேட்டுக்குவோம். எழுத்து பொடிசா இருக்கிற போஸ்டரை எங்கய்யா திறந்துகூடப் பார்க்க மாட்டாரு. அதே ஆடியோவ பக்கத்துப் பட்டிக்கும் அனுப்பிவிடுவாரு. நாய்க்காரங்களுக்குப் போடுறதையும் எங்களுக்குப் போடுறதையும் மட்டும் ஒண்ணாக் கலக்காதீங்க.

உடுமலை_கிளினிக்:
எல்லாருக்கும் நன்றிங்க. க்யூஆர் மேஜைக்கு வந்துவிட்டது. இன்றைக்கு வந்தவர்களில் ஒரு தாத்தா தவிர எல்லாரும் பெயர் அனுப்பினார்கள். டாக்டரும் ஆடியோ பேச ஒத்துக்கொண்டார். ஆடு மாட்டுக்குத் தனி லேபிள் போட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கணும். அந்தத் தாத்தா மாதிரி பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு பல்க் எஸ்எம்எஸ் வாங்கலாமா?

கடைவீதி_செல்:
பல்க் எஸ்எம்எஸ் என்றால் தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதிப்படி, டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் கிளினிக் பெயரையும் செய்தி வாசகத்தையும் பதிவு செய்ய வேண்டும். உங்கள் அளவுக்கு அது வீண் அலைச்சல். பட்டன் போன் வைத்திருப்பவர்களை நோட்டில் தனிப் பக்கமாக எழுதி வைத்து, கூட்டம் இல்லாத மத்தியானத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.