நாய் எலி மருந்தைத் தின்றுவிட்டது: உப்புத் தண்ணீர் கொடுக்கலாமா?

கேள்வி: எலி மருந்துக் கட்டியைத் தின்று ஒரு மணி நேரம் ஆகிறது. நாய் சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

பதில் 1: வேண்டவே வேண்டாம்! உப்பே ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி வலிப்பு வரவழைக்கும். மருந்தின் உறையோடு உடனே கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள். வாந்தி எடுக்க வைக்க அவர் போடும் ஊசி முதல் சில மணி நேரத்துக்குள்தான் பலன் தரும்.

பதில் 2: உறையில் புரோமடியோலோன் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் எலி மருந்து) என்றிருந்தால் இன்றைய சுறுசுறுப்பை நம்பாதீர்கள். உடம்பில் மிச்சமுள்ள, ரத்தத்தை உறைய வைக்கும் காரணிகள் தீர்ந்து, 3–5 நாள் கழித்தே ஈறு வெளுக்கும், மூச்சிரைக்கும். வைட்டமின் கே1 மாத்திரை பெரும்பாலும் 4 வாரம், கொழுப்புள்ள உணவோடு. நடுவில் நிறுத்தினால் ரத்தக்கசிவு திரும்பும். முடித்த 48–72 மணி நேரத்தில் ரத்தம் உறையும் நேரத்தைச் சோதிக்க வேண்டும்.

பதில் 3: உறையில் ஜிங்க் பாஸ்பைடு (இன்னொரு வகை எலி மருந்து) என்றால் எதையும் ஊட்டாதீர்கள், உணவு இரைப்பை அமிலத்தைக் கூட்டி பாஸ்பீன் என்ற நச்சு வாயுவைப் பெருக்கும். வண்டியில் வாந்தி எடுத்தால் ஜன்னலைத் திறங்கள், அந்த வாயு உங்களையும் தாக்கும்.