குழு: டப்பா தேடும் குடும்பம்

சனி, காலை 7.12
நித்யா: சித்தப்பா, ஒரு சந்தேகம். நேற்று ராத்திரி ஆறு பிக்யூ ஓடவிட்டேன். ஆறு ஜிப் கோப்பும் இறங்கிவிட்டன. ஆனால் பெயர் எதிலும் இல்லை, வெறும் ஏழு இலக்க எண்தான். எது எந்தத் தேடல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

7.15
மீனா அத்தை: யாருடைய போன் நம்பர்? மூன்று இலக்கம் குறைகிறதே.

7.16
கதிர்: போன் நம்பர் இல்லை அத்தை. ஜியோகேச்சிங் என்றால் யாரோ ஒளித்துவைத்த டப்பாவை ஜிபிஎஸ் வைத்துத் தேடும் விளையாட்டு. அதன் தளத்தில் "இந்த இடத்தைச் சுற்றி இந்த மாதிரி டப்பாக்கள் வேண்டும்" என்று ஒரு தேடலை எழுதிச் சேமித்து வைக்கலாம். பாக்கெட் க்வெரி என்று பெயர். சுருக்கமாகப் பிக்யூ. சொன்ன கிழமையில் அது தானாக ஓடிக் கோப்பு தயாரித்து வைக்கும்.

7.17
மீனா அத்தை: டப்பாவைத் தேடுவதற்கே ஒரு தேடலா. சரி, நடக்கட்டும்.

7.24
செல்வம் சித்தப்பா: நித்யா, அது தளம் அந்தத் தேடலுக்கு வைத்திருக்கும் எண். நீ வைத்த பெயர் உனக்கு, எண் இயந்திரத்துக்கு. பெயரை நாளைக்கு மாற்றினாலும் எண் மாறாது. அழித்துவிட்டு அச்சு அசலாக அதையே திரும்ப எழுதினால் புது எண் வரும்.

7.25
செல்வம் சித்தப்பா: பிக்யூவைத் திருத்தும் பக்கத்தில், கோப்பின் பெயரில் தேடலின் பெயரையும் சேர்க்கச் சொல்லும் கட்டம் ஒன்று இருக்கும். அதை டிக் செய். அடுத்த முறை எண்ணோடு பெயரும் வரும்.

7.31
நித்யா: செய்துவிட்டேன். ஆனால் நான் மொத்தமே ஆறு பிக்யூதானே வைத்திருக்கிறேன், எண் ஏன் லட்சக்கணக்கில் இருக்கிறது? முதல் தேடல் 1, அடுத்தது 2 என்று இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

7.38
செல்வம் சித்தப்பா: உனக்கென்று தனி வரிசை கிடையாது. உலகத்தில் எல்லா உறுப்பினருக்கும் ஒரே டோக்கன் வரிசை. நீ ஒன்று எழுதி முடித்து அடுத்ததை எழுதுவதற்குள் வேறு யாரோ நாலு பேர் எழுதியிருப்பார்கள்.

7.40
நித்யா: ஆமாம்! கடைசியாக அடுத்தடுத்து எழுதிய இரண்டுக்கும் நடுவில் ஏழு எண் இடைவெளி.

7.46
கதிர்: அப்படியென்றால் பத்து நிமிடத்தில் எத்தனை தேடல் உருவாகிறது என்று நாமே கணக்குப் போடலாமே! இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் டாங்கிகளுக்கு இதைத்தான் செய்தார்கள். பிடிபட்ட டாங்கிகளின் வரிசை எண்களை வைத்து, மாதத்துக்கு எத்தனை தயாரிக்கிறார்கள் என்று நேச நாட்டுப் புள்ளியியலாளர்கள் கணித்தார்கள். 1942 ஆகஸ்டுக்கு அவர்கள் சொன்னது 327. உளவுத்துறை சொன்னது 1550. போர் முடிந்தபின் ஜெர்மன் பதிவேட்டில் இருந்தது 342.

7.47
மீனா அத்தை: டப்பாவில் ஆரம்பித்து டாங்கிக்குப் போய்விட்டான்.

7.55
செல்வம் சித்தப்பா: கதிர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. பிக்யூவைத் திறக்கும் இணைப்பைப் பார், அதில் இந்த எண் இருக்காது. நடுவில் கோடு போட்ட 32 எழுத்துக் குறியீடு நீளமாக இருக்கும். வரிசை எண் என்றால் ஒன்றைக் கூட்டிப் பார்த்துப் பக்கத்து ஆளுடையதை ஊகிக்கலாம். இதை ஊகிக்க முடியாது.

7.58
நித்யா: அப்படியானால் ஒவ்வொரு கேச்சின், அதாவது டப்பாவின், பக்கத்திலும் ஜிசி என்று ஆரம்பித்து வரும் எண்ணும் வரிசை எண்தானா?

8.09
செல்வம் சித்தப்பா: அதுவும் வரிசைதான், எழுதும் முறை வேறு. ஆரம்பத்தில் 16 அடிமான எண்ணாக, அதாவது 0 முதல் 9 வரை, அப்புறம் பத்துக்கு ஏ, பதினொன்றுக்கு பி என்று எஃப் வரை வைத்து எழுதினார்கள். ஜிசிஎஃப்எஃப்எஃப்எஃப் வரை போனதும், அதாவது 65,535 தாண்டியதும், நாலு எழுத்துக்குள் இடம் தீர்ந்துவிட்டது. அப்புறம் எஃப்புக்குப் பிந்தைய எழுத்துகளையும் சேர்த்து 31 அடிமானத்துக்கு மாறினார்கள். ஐ, எல், ஓ, எஸ், யு என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளை விட்டுவிட்டார்கள். ஓவையும் பூஜ்யத்தையும், எஸ்ஸையும் ஐந்தையும் குழப்பிக்கொண்டு காட்டுக்குள் யாரும் தவறான கேச்சுக்குப் போய்விடக் கூடாது இல்லையா.

8.11
செல்வம் சித்தப்பா: எனக்கு இதில் பிடித்தது ஒன்று. 2000 மே 3 அன்று டேவ் அல்மர் ஒரிகனில் வைத்தாரே, உலகின் முதல் கேச், அதற்கே எண் 1 இல்லை. ஜிசிஎஃப். எஃப் என்றால் 15. தளம் அந்த ஆண்டு செப்டம்பரில்தான் வந்தது, கேச்சுகள் அதற்கு முன்பே இருந்தன. அதனால் எண்ணில் வயதைத் தேடாதே.

8.20
நித்யா: சரி, எண் விவகாரம் தீர்ந்தது. இன்னொன்று சித்தப்பா, இது எண்ணைவிட எரிச்சலானது. போன வாரம் ஒரு பாலத்துக்கு அடியில் இருந்த கேச்சைத் தோழி எடுத்துவிட்டாள். அதே பாலத்தில் நானும் நின்றேன், என் கோப்பில் அந்தக் கேச்சே இல்லை. மூடப்படவும் இல்லை, புதிதாக வந்ததும் இல்லை. வைத்துப் பல மாதமாகிறது.

8.22
செல்வம் சித்தப்பா: உன் ஆறு பிக்யூவையும் எப்படிப் பிரித்திருக்கிறாய்?

8.26
நித்யா: நீங்கள் சொன்ன மாதிரி வைக்கப்பட்ட தேதியை வைத்துத்தான். 2000 முதல் ஒரு துண்டு, அப்புறம் அடுத்தது, அப்படியே. ஆறாவதற்கு முடிவுத் தேதி போடாமல் விட்டுவிட்டேன், இனி வருவதெல்லாம் அதில் சேரட்டும் என்று.

8.27
செல்வம் சித்தப்பா: ஆறிலும் எத்தனை கேச் வந்திருக்கிறது?

8.33
நித்யா: 912, 934, 887, 951, 905, 1000.

8.34
கதிர்: 1000!

8.41
செல்வம் சித்தப்பா: அதேதான். ஒரு பிக்யூவில் அதிகபட்சம் 1000 கேச். சரியாக 1000 வந்தால் அதை எண்ணிக்கை என்று நம்பாதே, கத்தரித்த இடம் என்று வைத்துக்கொள். மையப் புள்ளிக்குப் பக்கத்தில் இருப்பதிலிருந்து எடுத்துக்கொண்டே போகும், 1000 ஆனதும் நிறுத்திவிடும். விடுபடுவது எப்போதும் ஓரத்தில் இருப்பவைதான். உன் பாலம் தூரத்தில் இருக்கிறது இல்லையா?

8.42
நித்யா: ஆமாம், வட்டத்தின் விளிம்பில். ஐயோ, எத்தனை நாளாக இப்படியோ.

8.50
செல்வம் சித்தப்பா: நானும் ஒரு வருடம் இதே தவறைச் செய்தேன். பழைய தேதித் துண்டுகள் பெரும்பாலும் சுருங்கத்தான் செய்யும், கேச்சுகள் ஒவ்வொன்றாக மூடப்படும். வளர்வது கடைசித் துண்டு மட்டும். அதனால் அதை நிரம்ப விடாமல் 700, 800 தாண்டும்போதே உடைத்துவிடு. ஓடவிடாமலேயே முன்னோட்டம் பார்த்தால் எத்தனை வரும் என்று தெரிந்துவிடும்.

8.52
செல்வம் சித்தப்பா: பெயர் வைக்கும்போது 01, 02 என்று ஆரம்பி, பின்னால் தேதி. வெறும் 1, 2 என்று வைத்தால் பட்டியலில் 1-க்கு அடுத்து 10 வந்து உட்கார்ந்துகொள்ளும். தளம் கொடுக்கும் எண்ணில் நம் ஒழுங்கு கிடையாது, பெயரில்தான் வைக்க முடியும்.

8.55
கதிர்: அக்கா, ஒரு நாளைக்குப் பத்து பிக்யூதான் ஓடும், கவனம். நேற்று ஆறு ஓடிவிட்டது.

8.57
நித்யா: அது நேற்றுக் கணக்கு இல்லையா?

8.59
கதிர்: தளத்தின் நாள் சியாட்டில் நேரப்படி. அங்கே நள்ளிரவு தாண்டினால்தான் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பும். எதற்கும் இரண்டு மட்டும் ஓடவிடு. புதிதாக எழுதியது வரிசையில் முன்னால் போகும், தினமும் ஓடுகிறவைதான் பின்னால் நிற்கும்.

9.04
செல்வம் சித்தப்பா: ஒரு முறைப் பயணத்துக்கு எழுதுகிறவற்றுக்கு "ஒரு முறை ஓடியதும் அழித்துவிடு" என்பதைத் தேர்ந்தெடு. இல்லாவிட்டால் என் பட்டியல் மாதிரி ஆகிவிடும். "சோதனை", "சோதனை புதியது", "சோதனை உண்மையில் புதியது" என்று மூன்று இருக்கின்றன. எதை அழிப்பது என்று எனக்கே பயம்.

9.06
மீனா அத்தை: பழைய சாவிக்கொத்து மாதிரி. எந்தப் பூட்டுக்கு என்று தெரியாது, தூக்கிப் போடவும் மனம் வராது.

9.07
செல்வம் சித்தப்பா: அதேதான் அக்கா.

9.10
செல்வம் சித்தப்பா: நித்யா, கோப்பை ஜிஎஸ்ஏகேயில், அதான் கேச் விவரங்களைக் கணினியில் சேர்த்து வைக்கும் மென்பொருளில், ஏற்றும்போது இன்னொன்றைக் கவனி. மூடப்பட்ட கேச் பிக்யூவில் வராது. ஆனால் முன்பு ஏற்றியது உன் கணினியில் உயிரோடு இருப்பது போலவே கிடக்கும். கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்ற தேதியைப் பார், மற்றவையெல்லாம் இன்றைய தேதியாக இருக்கும்போது ஒன்று மட்டும் பழைய தேதியில் நின்றால் அது சந்தேகத்துக்குரியது.

9.12
நித்யா: ஒவ்வொரு ஜிப்பிலும் ஒரே எண்ணில் இரண்டு கோப்பு இருக்கிறதே, இரண்டையும் ஏற்றவா?

9.13
கதிர்: ஜிப்பை அவிழ்க்காமல் அப்படியே கொடு அக்கா. இரண்டாவதில் வண்டி நிறுத்துமிடம் மாதிரியான கூடுதல் புள்ளிகள் இருக்கும்.

9.48
நித்யா: கடைசித் துண்டை இரண்டாக உடைத்து ஓடவிட்டேன். 641, 402.

9.49
கதிர்: 1043. அப்படியென்றால் 43 கேச் இத்தனை நாளும் உன் கண்ணில் படவே இல்லை.

9.53
நித்யா: பாலம் அந்த 43-இல் இருக்கிறது! அதே பாதையில் இன்னும் மூன்று இருக்கின்றன, அவள் அதையெல்லாம் எடுக்கவில்லை.

9.55
மீனா அத்தை: ஆக, டப்பா கிடைத்ததா இல்லையா?

9.56
நித்யா: இன்னும் இல்லை அத்தை. எங்கே இருக்கிறது என்பது மட்டும் கிடைத்திருக்கிறது. நாளைக் காலை போகிறேன், கதிர் வருகிறாயா?