ஸ்பீக்கர் பெட்டிக்குள் ஓடும் வயருக்கு ஒரு சொல் வேண்டும்

திருநகரிலிருந்து:

வணக்கம். மாலை வகுப்பில் பிள்ளைகளுக்கு வீட்டு ஆடியோ செட் கட்டச் சொல்லித்தருகிறேன். பாடக்குறிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. வூஃபரைத் தாழொலிப்பான் என்றும் ட்வீட்டரைக் கீச்சொலிப்பான் என்றும் எழுதிவிட்டேன். பெட்டியின் பின்பக்க டெர்மினலிலிருந்து, தாழொலியையும் கீச்சொலியையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவருக்கும், அங்கிருந்து ஸ்பீக்கருக்கும் போகிற வயரில்தான் நிற்கிறேன்.

போன வருடக் குறிப்பில் வெறுமனே 'கம்பி' என்று எழுதியிருந்தேன். ஒரு பையன் வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பியைப் போட்டு ஈயத்தால் பற்றவைத்துவிட்டான். பாட்டுப் போட்டால் பெட்டி அதிரும். இரண்டே மாதத்தில் ஈயம் வைத்த இடத்தை ஒட்டிக் கம்பி முறிந்தது. நான் எழுதிய சொல்லைப் படித்துத்தான் அவன் அதை எடுத்தான். அதனால் கேட்கிறேன்: 'உட்கம்பி' என்று எழுதலாமா, வேறு சொல் உண்டா?

மேலூரிலிருந்து:

தம்பி, உள் + கம்பி = உட்கம்பி. இலக்கணப்படி குறையில்லை. ஆனால் உயிரில்லாத சொல். யாழில் இசை பிறக்கும் இழையை நம் முன்னோர் நரம்பு என்றார்கள். உடம்பில் உணர்வைக் கொண்டுசெல்வதும் நரம்பு. ஒலிக்கும் பெட்டிக்குள் மின்குறிப்பைக் கொண்டுசெல்வதற்கு வேறென்ன பெயர் வேண்டும்? உள் + நரம்பு புணர்ந்தால் உண்ணரம்பு.

இன்னொன்றும் சொல்கிறேன். மதுரையே ஒரு சிலம்புக்குள் என்ன இருந்தது என்ற கேள்வியில் எரிந்த ஊர். வழக்குரை காதை அந்தப் பரலை 'அரி' என்கிறது. உள்ளே கிடந்து ஒலிக்கக் காரணமாவது அரி. 'அரியிழை' என்று ஆக்கினால் நம் மண்ணின் வாசனையும் வரும்.

அவனியாபுரத்திலிருந்து:

அய்யா, மன்னிக்கணும். முப்பது வருசமா மைக்செட் கட்டுறேன். உண்ணரம்புன்னு எழுதுனா எங்க பசங்க 'உண்ண ரம்பு'ன்னு பிரிச்சுப் படிப்பாங்க. டவுன்ஹால் ரோட்டுக் கடையில போய் 'அண்ணே, நாப்பது முப்பத்தாறு மூணு மீட்டர்'னா கையில வந்துரும். அரியிழைன்னு கேட்டா தையக் கடைக்கு அனுப்புவான். வயர்னே எழுதுங்க. வயருங்கறதும் இப்பத் தமிழ்தான்.

திருமங்கலத்திலிருந்து:

அவனியாபுரம் அண்ணன் சொன்ன 40/36-ஐப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். 36 கேஜ் (இழையின் தடிமனைக் குறிக்கும் எண்) இழைகள் நாற்பது. ஒவ்வொன்றும் சுமார் 0.19 மி.மீ. விட்டம், மொத்தம் 1.1 சதுர மி.மீ.க்குச் சற்று மேல். பெட்டிக்குள் போக அரை மீட்டர், வர அரை மீட்டர் என்றால் மின்தடை 0.015 ஓம் அளவுதான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கிராஸ்ஓவரில் இருக்கும் சுருளின் தடை பல சமயம் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் இருக்கும். வெள்ளி வயருக்குக் காசைக் கொட்டாதீர்கள். தாமிரத்தைவிட வெள்ளி நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான் கூடுதலாகக் கடத்தும். அதிர்வைத் தாங்குமா, ஸ்பீக்கரின் கூம்பிலோ பெட்டியின் பலகையிலோ தட்டிக் கிரகிரக்குமா என்பதுதான் கவலை.

'உட்கம்பி'யில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஸ்பீக்கருக்குள்ளும் கம்பி இருக்கிறது: கூம்பை ஆட்டும் குரல்சுருளின் கம்பி ஒன்று, கூம்போடு சேர்ந்து ஆடும் பின்னல் ஒன்று. நாம் பேசுவது மூன்றாவது. உட்கம்பி என்றால் மூன்றில் எது?

என் பரிந்துரை 'புரி'. முப்புரி நூலில் உள்ள புரி. வைக்கோலை முறுக்கிக் கட்டும் பிரியும் அதுதான். புரிக்கம்பி என்றால் ஒற்றைக் கம்பியைப் பையன் தொடமாட்டான்.

மேலூரிலிருந்து:

அம்மா, 'புரி' என்ற வினையாகக் கொண்டால் வினைத்தொகை. வல்லினம் மிகாது, புரிகம்பி என்றே வரும். புரிகளை உடைய கம்பி என்று விரித்தால்தான் 'க்' மிகும். எதைக் கொள்கிறீர்கள்?

மேலும், ஸ்பீக்கரை ஒலிபெருக்கி என்கிறோமே, அதுவே பிழையல்லவா? அது எதையும் பெருக்கவில்லை, பெருக்குவது ஆம்ப்ளிஃபயர். முதலில் அதைத் திருத்துங்கள்.

திருநகரிலிருந்து:

ஐயா, ஒலிபெருக்கியை இந்த வாரம் என்னால் தொட முடியாது. ஆனால் நீங்கள் சொல்வது சரி. 'க்' மிகட்டும், புரிகளை உடைய கம்பிதான்.

இதுவரை எழுதியவர்களில் உட்கம்பிக்கு ஐவர், புரிக்கம்பிக்கு மூவர், வயருக்கு இருவர், நரம்புக்கு ஐயா ஒருவர். இடத்தைச் சொல்லும்போது உட்கம்பி என்றும், எதை வாங்குவது என்று சொல்லும்போது புரிக்கம்பி என்றும் எழுதி, பக்கத்திலேயே 40/36 வயர் என்று போட்டுவிட்டேன். அந்த முறிந்த கம்பியின் படமும் அதே பக்கத்தில் வரும்.

அவனியாபுரத்திலிருந்து:

சரிண்ணே. சிவப்பு, கருப்பு மாறாமப் படத்துல குறிச்சிட்டீங்களா? ஒரு ஸ்பீக்கர் மட்டும் மாறிப்போனா பேஸ் சத்தமே செத்துரும்.

மேலூரிலிருந்து:

அச்சுக்குப் போகட்டும். அடுத்த பதிப்பு வரும்போது நரம்பை மறுபடியும் எடுப்பேன்.